தம்பியின் வண்டிலை எப்போது நிறுத்துவது?

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் கொழும்புப் பக்கமாக உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதற்கு எங்கள் குடும்பமும் சாச்சி குடும்பமும் சேர்ந்து ஒரு வான் பிடித்தோம். இரவு பத்து மணிக்கு ஐந்து சந்தியிலிருந்து புறப்பாடு. சாமான்களை ஏற்றும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. தம்பியின் தள்ளுவண்டியை ஏற்றுவதா, விடுவதா?

தம்பிக்கு அப்போது நான்கு வயதும் இரண்டு மாதமும். வாப்பா, "இடமில்லை" என்றார். மாமி, "நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன வண்டில்? பார்க்கிற ஆக்கள் பிள்ளைக்குக் கால் ஏலாது எண்டு நினைப்பாங்க" என்றார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நான் மாமியின் பக்கம். படம் எடுக்கும்போது அந்தப் பழைய நீல வண்டி பின்னால் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி விறாந்தையிலேயே நின்றுவிட்டது.

காலை பத்து மணிக்குப் பூங்காவின் வாசலைத் திறந்தார்கள். முதல் இரண்டு மணித்தியாலமும் தம்பியைப் பிடிக்க முடியவில்லை. "பார்த்தீங்களா, வண்டில் எங்க தேவைப்பட்டது?" என்று மாமி இரண்டு தரம் கேட்டார். பகல் சாப்பாடும் லுஹர் தொழுகையும் முடிந்து ஒரு வரிசையில் நின்றபோது தம்பி தரையில் குந்தினான். அடுத்த வரிசையில் இருந்தான். அதற்கடுத்த வரிசையில் சீமெந்துத் தரையில் படுத்தே விட்டான். "தூக்குங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வாப்பா கொஞ்ச நேரம் தூக்கினார். பிறகு உம்மா, பிறகு நான். தூங்கிவிட்ட பிள்ளை விழித்திருக்கும் பிள்ளையைவிட இரண்டு மடங்கு பாரம் என்பதை அன்றுதான் அறிந்தேன். நான் மாதக்கணக்காகக் காத்திருந்த பெரிய படகு ஊஞ்சலில் சாச்சியின் பிள்ளைகள் ஏறி இறங்கியதை, மடியில் தம்பியை வைத்துக்கொண்டு ஒரு வாங்கில் இருந்து பார்த்தேன். கால் விறைத்துப் போய்விட்டது.

அதுவாவது பரவாயில்லை. உம்மாவுக்கு ஏற்கெனவே நாரிநோ உண்டு. திரும்பி வந்த பிறகு நான்கு நாட்கள் அவரால் ருகூவுக்குக் குனிய முடியவில்லை. கதிரையில் இருந்துதான் தொழுதார்.

பூங்காவில் ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கள் கேள்வியில் இருந்தது. "பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று மட்டும் கேட்டோம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், என்ன வெயில், அவன் தூங்கினால் யார் தூக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த விடயத்தைப் பற்றித் தேடி வாசித்தவற்றையும் தம்பியை வைத்து நானே பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். இந்த மலரை வாசிக்கும் தாய்மாருக்கு இது உதவக்கூடும். அவர்களைவிடவும், வீட்டில் சின்னத் தம்பி தங்கைமார் உள்ள ராத்தாமாருக்கு.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பிள்ளைகளை வைத்து உருட்டும் வண்டி 1733-இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ற் என்ற தோட்டக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் செய்தது என்கிறார்கள். அதை மனிதர் தள்ளவில்லை. ஆடோ குட்டிக் குதிரையோ இழுத்தது. பிறகு வந்தவை தொட்டிலுக்குச் சில்லுப் பூட்டியது போன்ற பாரமான வண்டிகள். இன்று நாம் காணும் மடிக்கும் வண்டியை 1965-இல் உருவாக்கியவர் ஓவன் மக்லாரன். அவர் ஒரு விமானப் பொறியியலாளர். ஸ்பிற்ஃபயர் போர் விமானம் தரையிறங்கும்போது வெளியே வரும் சில்லுக் கால்களை வடிவமைத்தவர். பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு பாரமான வண்டியோடு பயணத்தில் அல்லற்பட்ட மகளைப் பார்த்து, அந்த விமானக் காலின் மடிப்பையே பிள்ளை வண்டிக்குக் கொண்டுவந்தார். அலுமினியக் குழாயில் செய்த அந்த வண்டி மூன்று கிலோவுக்கும் குறைவு, குடையைப்போல் மடியும். ஆகவே இந்த வண்டி நடக்கத் தெரியாத குழந்தைக்காக மட்டும் பிறந்த ஒன்றல்ல. பயணத்துக்காக, அதுவும் தூக்கிச் செல்பவருடைய முதுகுக்காகப் பிறந்தது. இதை வாசித்ததும் நான் உம்மாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் இந்த வண்டி புதினமாகப் பார்க்கப்படுவதற்குக் காரணம் உண்டு. எங்களுடைய பிள்ளை வண்டி சைக்கிள்தான். முன் பாரில் ஒரு குட்டிச் சீற்றைப் பூட்டிப் பிள்ளையை இருத்தினால் கடைக்கும் போகலாம், கிளினிக்குக்கும் போகலாம். கால்கள் ஹாண்டிலில் இடிக்கத் தொடங்கினால் பிள்ளை பின் கரியருக்கு மாறும். கரியரில் இருந்து தனிச் சைக்கிளுக்கு. யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாதபோது முழுக் குடும்பமும் ஒரே சைக்கிளில் போனதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கைகளில் நடைபாதை என்று தனியாக ஒன்று இல்லை, மணலும் குழியும். தள்ளுவண்டி உருள்வது கஷ்டம். அதனால் வண்டி வைத்திருப்பவர்களும் அதை வெளிநாட்டு மாமா கொண்டுவந்த சாமான் போலத்தான் பாவிக்கிறார்கள். சைக்கிளின் முன் சீற்றில் ஐந்து வயதுப் பிள்ளை போவதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வண்டியில் இருந்தால் மட்டும் சிரிக்கிறோம். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வயதைப் பற்றி எங்காவது ஒரு திட்டமான விதி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. எடைக்குத்தான் விதி இருக்கிறது. வண்டியின் சட்டத்திலோ சீற்றின் பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தாளில் அது எழுதியிருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் 15 கிலோ. இப்போது வருபவை சிலவற்றில் 22 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயது ஆண் பிள்ளையின் நடுத்தர எடை 14.3 கிலோ, நான்கு வயதில் 16.3, ஐந்து வயதில் 18.3. பெண் பிள்ளைகளுக்கு இதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே 15 கிலோ வண்டியைப் பிள்ளை மூன்றரை வயதளவில் தாண்டிவிடும். 22 கிலோ வண்டி ஆறு வயது கடந்தும் தாங்கும். எங்கள் பிள்ளைகளின் எடை எவ்வளவு என்பதற்குத் தராசு தேடவேண்டியதில்லை. கிளினிக் கொப்பியைத் திறந்தால் மிட்வைஃப் நிறுத்து எழுதிய கோடு இருக்கிறது. தம்பியின் கொப்பியைப் பார்த்தேன்: 15.8. எங்கள் வண்டியின் தாளைத் தேடினேன். அது எப்போதோ உரிந்துவிட்டது! சட்டம் நெளிகிறதா, பிறேக் பிடிக்கிறதா, கால்மிதியில் இருந்து பாதம் தரையில் இழுபடுகிறதா என்று பார்த்தோம். பாதம் இழுபட்டால் வண்டி சிறிதாகிவிட்டது. எடை குறைவாக இருந்தாலும் நிறுத்தவேண்டியதுதான்.

அடுத்தது தூரம். எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நானும் தம்பியும் எண்ணிக்கொண்டு நடந்தோம். எனக்கு 140 எட்டு. அவனுக்கு 231. (எண்ணியது நான்தான். அவன் இருபதுக்கு மேல் "நாப்பது, நாப்பது" என்றே போனான்.) பூங்காவுக்குப் போன அன்று என் போனில் ஏறக்குறைய 11,000 எட்டுப் பதிவாகியிருந்தது. அதே தூரத்தை அவனுடைய காலால் நடந்திருந்தால் 18,000-க்கு மேல் வரும். அதை நினைக்காமல், "வளர்ந்த பிள்ளை, நட" என்று சொல்லியிருக்கிறோம்.

பிறகு மூன்று விடுமுறை நாட்களில் மூன்று பரீட்சை வைத்தேன். காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் மேல் நடந்தோம். ஒல்லாந்தர் ஐந்து முனையாகக் கட்டிய அந்த மதிலில் ஐம்பது நிமிடம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் நடந்தான். அடுத்த முறை பின்னேரம், பகல் தூக்கம் இல்லாமல், பண்ணைக் கடலோரமாக. இருபது நிமிடத்தில் "தூக்குங்க" வந்துவிட்டது. மூன்றாவது பரீட்சை நடையே அல்ல. ஒரு கடையில் பெருநாள் உடுப்புக்குக் காசு கட்டும் வரிசையில் நின்றோம். எட்டாவது நிமிடத்தில் குந்தினான். அப்போதுதான் பூங்காவில் நடந்தது எனக்குப் பிடிபட்டது. பிள்ளையை விழுத்துவது நடை அல்ல, நிற்பதுதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளிவிடுகின்றன என்று உயிரியலில் படித்திருக்கிறோம். அசையாமல் நிற்கும்போது அந்த உதவி குறைகிறது. பிள்ளைக்கு அதோடு சலிப்பும் சேர்கிறது. அவன் கண் மட்டத்தில் தெரிவதெல்லாம் ஆட்களின் பின்புறம்தான். கேளிக்கைப் பூங்கா என்பது பாதி நாள் வரிசை.

ஆகவே பரீட்சையைக் காலையில் மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு எல்லாப் பிள்ளையும் வீரன்தான். பின்னேரம் மூன்று மணிக்கு, பகல் தூக்கம் தவறிய பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதுதான் விடை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணித்தியாலத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்கிறது. எங்களைப்போல் இரவு முழுவதும் வானில் குலுங்கி வந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு வாசலிலேயே குறைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். எங்களுடைய சுற்றுலா எப்போதும் தூக்கக் கடனோடுதான் தொடங்குகிறது. கொழும்பில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மூன்றரை வயதில் வண்டி தேவைப்படாமல் போகலாம். அதே பூங்காவுக்கு இங்கிருந்து போகும் பிள்ளைக்கு நாலரையிலும் தேவைப்படலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அதே 2019 வழிகாட்டல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரே தடவையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தள்ளுவண்டியிலோ கதிரையிலோ கட்டி இருத்தவேண்டாம் என்கிறது. ஒரு வயதில் இருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசையவேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளை ஓடாமல் இருந்தால் எங்களுக்கு வசதி என்பதற்காக வண்டியில் கட்டிப் போனைக் கையில் கொடுப்பது வேறு விடயம். சாச்சியின் கடைசிப் பிள்ளையை ஒரு வருடம் அப்படித்தான் வைத்திருந்தோம். (சாச்சி இதை வாசிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.) வண்டியைக் கொண்டுபோவது என்றால் பிள்ளையை அதில் வைத்தே திரிவது என்று அர்த்தமில்லை. காலை முழுவதும் வண்டி வெறுமையாகவும் பிள்ளை தரையிலும் இருக்கவேண்டும்.

எல்லா இடத்துக்கும் வண்டி சரிவராது என்பதும் உண்மை. காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணலில் சில்லுப் புதைந்து, வண்டியையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கவேண்டிவரும். அங்கே விரிப்பதற்கு ஒரு பாயும், சவுக்கு நிழலில் ஒரு தூக்கமும் போதும். குறிகாட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறும்போது ஒரு கை கம்பியையும் மறுகை பிள்ளையையும் பிடித்திருக்க வேண்டும். விரித்த வண்டியோடு அந்தப் பக்கம் போகவே கூடாது. 1936-இல் அரசாங்கம் பொறுப்பேற்ற தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் ஏற்ற இறக்கம் அதிகம். தள்ளலாம், ஆனால் சரிவில் கைப்பிடியை விடக்கூடாது. ரிதியகமச் சபாரிப் பூங்காவில் பஸ்ஸில் இருத்தியே மிருகங்களைக் காட்டுவார்கள். வண்டி வீண் சுமை. வெளிநாட்டுக்குப் போகும் குடும்பங்கள் அந்தந்தப் பூங்காவின் அளவுகளையும் கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் 2019 மே 1 முதல் 79 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் 132 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. அங்கே வாடகைக்கும் வண்டி எடுக்கலாம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் அவற்றில் இருப்பது ஒரு புதினமே இல்லையாம். மாமியிடம் இதையும் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார்.

வண்டி கொண்டுபோனால் சில விடயங்களில் கவனம் வேண்டும். வெயிலுக்குத் துப்பட்டாவால் அல்லது தடித்த துணியால் வண்டியின் முன்பக்கத்தை முழுதாக மூடிவிடுவோம். அது நிழல் என்று நினைக்கிறோம். ஆனால் உள்ளே காற்று நின்று சூடு ஏறுகிறது. சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதைச் சோதித்தார்கள். காய்ந்த துணியால் மூடியபோது உள்ளே வெப்பம் கூடியது. மெல்லிய துணியை நனைத்துப் போட்டு, ஒரு சிறிய விசிறியையும் வைத்தபோது குறைந்தது. எங்கள் ஊர் வெயிலில், மூடாமல் நிழலில் நிறுத்துவதும் அடிக்கடி தண்ணீர் கொடுப்பதும் முதல் வேலை. கைப்பிடியில் பைகளைத் தொங்கவிட்டால், பிள்ளை இறங்கிய மறுகணம் வண்டி பின்னால் கவிழும். மடிக்கும்போது பிள்ளையைத் தள்ளி நிறுத்துங்கள். 2009-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து இலட்சம் மடிப்பு வண்டிகளைத் திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தார்கள். மடிப்பு மூட்டில் சிறுவர்களின் விரல்கள் சிக்கியதுதான் காரணம்.

இனி வெட்கத்தைப் பற்றி. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர், "தொண்ணூறில் நாங்கள் நடக்கவில்லையா?" என்பார். 1990 ஒக்டோபர் 30-இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டதை இந்தக் கல்லூரியில் அறியாதவர் இல்லை. அப்போது உம்மாவுக்கு ஐந்து வயது. ஐந்து வயதில் உம்மா நடந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. தம்பி தரையில் படுத்த கதையைக் கேட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள், உம்மும்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"எங்க நடந்தாள்? கொஞ்சத் தூரம் நடந்தாள். பிறகு படுத்தாள். உன்ட பெரிய மாமா தோளில தூக்கினார். அவருக்கு ஏலாமப் போக, முன்பின் தெரியாத ஒருத்தர் வாங்கித் தூக்கினார். அவர் ஆரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பிள்ளை நடந்ததெண்டு சொல்லாதீங்க. பிள்ளையைத் தூக்கினாங்க."

உம்மா புத்தளத்தில் வளர்ந்தவர். வழியில் நடந்தது எதுவும் தெளிவாக நினைவில்லை என்பார். ஒரு தோளில் இருந்து பார்த்தபோது தெரிந்த தலைகள் மட்டும் நினைவிருக்கிறதாம். அன்றைக்குப் பிறகு மாமி அந்தக் கதையைச் சொல்வதில்லை.

தூக்கப்படுவது பிள்ளைக்கு இழிவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தமது பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுவித்தார்கள் என்பதும், ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி, எழும்பும்போது மீண்டும் தூக்கினார்கள் என்பதும் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. அஹதிய்யாவில் இதைப் படித்தபோது, பிள்ளைகள் மீதான இரக்கம் என்று மட்டும் எழுதி வைத்தேன். இப்போது அந்த இறக்குதலும் தூக்குதலும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வேண்டிய நேரத்தில் தூக்கு, மற்ற நேரத்தில் இறக்கு.

ஒரு முக்கியமான விடயத்தைக் கடைசியில் எழுதினாலும், பெற்றோர்கள் இதை முதலில் வாசிக்கவேண்டும். சில பிள்ளைகள் வண்டியை விடாததற்குக் காரணம் சோம்பலோ செல்லமோ அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் நலமான பிள்ளைகள் 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் தனியாக நடந்துவிடுகிறார்கள். 18 மாதம் கடந்தும் நடக்காத பிள்ளையைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்டவேண்டும். மூன்று நான்கு வயதில் அடிக்கடி விழுவது, படி ஏற முடியாமல் இருப்பது, முன்பு நடந்த தூரத்தை இப்போது நடக்க முடியாமல் போவது, தரையில் இருந்து எழும்பும்போது இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறுவதுபோல் எழும்புவது ஆகியவை தசை நோயின் அடையாளங்களாக இருக்கலாம். ஓடி விளையாடிய நாளின் இரவில் இரண்டு காலும் உளைகிறது என்று அழுது, காலையில் ஒன்றுமில்லாமல் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே காலில் மட்டும் நோவு, காலையிலும் நொண்டல், வீக்கம், காய்ச்சல் என்றால் அது வேறு. "நாலு வயசாச்சு, நட" என்று பிள்ளையை வெருட்டுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

அடையாளம் வெளியில் தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குச் சத்தமும் சனமும் உள்ள இடத்தில் வண்டிதான் வீடு. அந்த டிஸ்னி பூங்காக்களிலேயே, இப்படிப்பட்ட பிள்ளைகளின் வண்டியைச் சக்கர நாற்காலியாகக் கணித்து வரிசைக்குள்ளும் கொண்டுபோக ஒரு அடையாளத் துண்டு கட்டிக் கொடுக்கிறார்கள். இங்கே நாம் கொடுப்பது பார்வைதான். இனி எங்காவது ஒரு பெரிய பிள்ளையை வண்டியில் கண்டால் அந்தத் தாயை உற்றுப் பார்க்காமல் விட நான் பழகிக்கொண்டிருக்கிறேன். சென்ற வருடம்வரை பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்படியானால் எப்போது நிறுத்துவது? எங்கள் வீட்டில் இப்போது போகும் இடத்தைப் பொறுத்து முடிவெடுக்கிறோம். கடை, கோட்டை, பண்ணைக்கு வண்டி இல்லை. அவை ஏற்கெனவே முடிந்துவிட்டன. ஒரு முழு நாள், வரிசை, சீமெந்துத் தரை, பகல் தூக்கம் தவறும் என்றால் வண்டி வரும். தம்பியையும் கேட்கிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அபிப்பிராயம் இல்லை என்று நினைக்கவேண்டாம். அவன் காலையில் இருக்கமாட்டேன் என்றான், சரி என்றோம். அப்போதிருந்து வண்டிக்கு "சாமான் வண்டில்" என்று பெயர். தண்ணீர்ப் போத்தலையும் சாப்பாட்டுப் பையையும் சீற்றில் வைத்து அவனே தள்ளுவான். பிறகு எப்போதோ பைகள் எங்கள் தோளுக்கு மாறியிருக்கும். அவன் உள்ளே தூங்கியிருப்பான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

யார் தூக்குவது என்பதையும் புறப்படும் முன்பே பேசிக்கொள்கிறோம். இதை நான் கேட்டு வாங்கினேன். வண்டியும் இல்லை, உம்மாவுக்கும் ஏலாது என்றால் எல்லா வீட்டிலும் மூத்த பெண் பிள்ளையின் இடுப்புத்தான் வண்டியாகிறது. வாப்பா ஒரு மணித்தியாலம், பெரிய நானா ஒரு மணித்தியாலம், நான் ஒரு மணித்தியாலம். உம்மாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

வருகிற டிசம்பர் விடுமுறையில் அதே பூங்காவுக்கு மறுபடியும் போகலாம் என்று சாச்சி சொல்கிறார். அப்போது தம்பிக்கு ஐந்து வயது தாண்டியிருக்கும். சென்ற கிழமை பின்னேரப் பரீட்சையை மறுபடி வைத்தேன். பண்ணையில் நாற்பத்தைந்து நிமிடம் நடந்தான். வரிசையில்தான் இன்னும் பதினைந்து நிமிடம் தாண்டவில்லை. கால்மிதியில் பாதம் இழுபடத் தொடங்கிவிட்டது. அதனால் இந்தப் பயணத்தோடு வண்டி சாச்சியின் வீட்டுக்குப் போகிறது. அங்கே மார்ச்சில் ஒரு குழந்தை வருகிறது, இன்ஷா அல்லாஹ். நேற்று வாப்பா வானுக்குள் இடத்தை அளந்துவிட்டு, "வண்டில் வைக்க இடமில்லை" என்றார். உம்மா ஒன்றும் சொல்லாமல் மாமியின் பெரிய குளிர்ப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.